கொழுந்து மலையில் வயிற்று நோயோடு
(மாதர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மலையில் நிற்கும்போது அவசரமாக வயிற்றைக் கலக்கினால் என்ன செய்கிறோம்? அடக்கிக்கொள்கிறோம், முடியாவிட்டால் புதரைத் தேடுகிறோம். நம்மில் சிலருக்கு இது தினசரிப் பாடு. நாளைக்கு ஏழெட்டுத் தடவை போகிறது. இரத்தமும் சளியும் கலந்து போகிறது. சொல்ல வெட்கம். மூலம் என்று நினைத்துக் கைமருந்தோடு மாதக்கணக்கில் இருந்துவிடுகிறோம்.

அது பெருங்குடல் அழற்சியாக இருக்கலாம். குடலின் உட்புறம் புண்ணாகும் நீண்டகால நோய். தொற்றாது, ஒரே லயத்தில் இருப்பவருக்கு ஒட்டாது. காரம் தின்றதால் வந்ததும் அல்ல. இரத்தம் போனால், இராத்திரியிலும் எழுப்பினால், உடம்பு மெலிந்தால், பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு கேளுங்கள். குழாய் விட்டுப் பார்த்தால்தான் நிச்சயம் தெரியும்.

நம் சகோதரி ஒருத்திக்கு மெசலசீன் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் இரத்தம் நின்றது. "சுகமாகிவிட்டதே" என்று மாத்திரையை விட்டார். கிளினிக் போனால் அன்றைய பேர் இல்லை என்பதும் ஒரு காரணம். தீபாவளிக்கு முன்பே நோய் திரும்பி, வார்ட்டில் படுத்தார். இரத்தம் நின்றதே மாத்திரையால்தான். அடங்கிய பிறகும் வைத்தியர் சொல்லும்வரை போட வேண்டும். ஸ்டீரொய்ட் கொடுத்திருந்தால் திடீரென்று நிறுத்தவே கூடாது.

இன்னொன்று, முதுகுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்குளோபெனாக். கூடை சுமக்கும் நமக்கு அது பழகிப்போனது. ஆனால் இந்த நோயைக் கிளறிவிடக்கூடியது. நோயைச் சொல்லி வேறு மாத்திரை கேளுங்கள்.

மலையில் போக இடமில்லை என்று காலையில் சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் போகிறோமே, அதுதான் பெரிய கேடு. இரத்தம் போகிற உடம்பு, பட்டினியும் சேர்ந்தால் மயங்கி விழும். நோய் கூடிய நாட்களில் குழைந்த சோறு, கஞ்சி, அவித்த முட்டை கொஞ்சங்கொஞ்சமாகச் சாப்பிடலாம். கொச்சிக்காய்ச் சம்பல் ஆகாவிட்டால் அப்போது விடுங்கள். வயிற்றோட்டம் அதிகமென்றால் ஜீவனி குடியுங்கள். ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாதது இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒதுக்கிப் பத்தியம் இருக்க வேண்டாம்.

ஆனால் மலையில் மலசலகூடம் இல்லாததற்கு மாத்திரை கிடையாது. அதை நிர்வாகத்திடம் நாம்தான் கேட்க வேண்டும். கிளினிக் நாளில் பேர் வெட்டப்பட்டால் கொப்பியையும் சம்பளத் துண்டையும் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். எந்தெந்த மலையில் மலசலகூடம் இல்லை என்று அடுத்த கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வாருங்கள்.