இடுப்பில் தொங்கிய அடுக்குப் பெட்டி



கையோடு கொண்டுபோக ஒரு பெட்டி வேண்டும். அதற்குள் பல அறைகள் இருக்க வேண்டும். ஓர் அறையில் இருக்கும் பொடி அடுத்த அறைக்குள் சிந்தக் கூடாது. ஈரம் புகக் கூடாது. நடக்கும்போது திறந்துகொள்ளக் கூடாது, ஆனால் தேவைப்பட்டால் நொடியில் திறக்க வேண்டும். அத்தனையும் உள்ளங்கை அளவுக்குள் அடங்க வேண்டும். இந்த நிபந்தனைகள் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுத்த ஒரு பெட்டி, எடோ காலம் என்று வழங்கும் 1603 முதல் 1868 வரையிலான காலத்தில், ஜப்பானிய ஆண்களின் இடுப்பில் தொங்கியது. அதன் பெயர் இன்ரோ.

இன்ரோவைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் அதன் மேலிருக்கும் தங்க ஓவியத்தைப் பாராட்டுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் இன்ரோவின் உண்மையான பெருமை ஓர் அடுக்கும் அடுத்த அடுக்கும் சேரும் மூட்டில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கிமோனோவில் பை வைத்துத் தைப்பதில்லை. ஆகவே கூட எடுத்துச் செல்ல வேண்டியவற்றை இடைக்கச்சையிலிருந்து தொங்கவிட்டார்கள். புகையிலைப் பை, பணப்பை, இவற்றோடு இன்ரோ. தொடக்கத்தில் முத்திரையும் முத்திரை மையும் வைக்கப் பயன்பட்ட அது, பிறகு மருந்துப் பெட்டியாக மாறியது. பொடி, மாத்திரை, மூலிகை ஆகியவற்றைத் தனித்தனி அடுக்கில் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து அடுக்குகள் இருக்கும்.

நம் வீட்டு டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். மேலடுக்கின் அடிப்பாகமே கீழடுக்குக்கு மூடி ஆகிறது அல்லவா? இன்ரோவிலும் அப்படித்தான். ஒவ்வோர் அடுக்கின் வாயிலும் மெல்லிய உள்விளிம்பு ஒன்று எழும்பி நிற்கும். மேலடுக்கு அதன்மேல் வழுக்கிக்கொண்டு இறங்கி உட்காரும். உச்சியில் உள்ள ஒரு மூடியைத் தவிர அடுக்குகளுக்குத் தனி மூடிகள் இல்லை, கீல் இல்லை, தாழ்ப்பாள் இல்லை.

அடுக்குகளைச் சேர்த்துப் பிடிப்பது ஒரு பட்டுக் கயிறு மட்டுமே. பெட்டியின் இரு பக்கங்களிலும் மேலிருந்து கீழாகத் துளை ஓடும். கயிறு ஒரு பக்கத் துளையில் இறங்கி, அடிப்பாகத்தைச் சுற்றி, மறுபக்கத் துளையில் ஏறி வரும். மேலே இரண்டு இழைகளும் ஓஜிமே என்ற ஒரு மணிக்குள் நுழைந்து, நெட்சுகே என்ற சிறு குமிழில் முடியும். கயிற்றைக் கச்சைக்குப் பின்னால் நுழைத்தால், நெட்சுகே மேல்விளிம்பில் மாட்டிக்கொண்டு பெட்டியைத் தாங்கும். மணியைக் கீழே தள்ளினால் பெட்டி இறுகும், மேலே நகர்த்தினால் திறக்கலாம். திறந்தாலும் அடுக்குகள் கயிற்றிலேயே கோத்து நிற்கும். ஒன்றும் தவறி விழாது. கயிறு ஒன்றே பூட்டாகவும் கைப்பிடியாகவும் ஆகிவிடுகிறது. இவ்வளவு குறைந்த உறுப்புகளைக் கொண்டு இத்தனை வேலை வாங்கிய பெட்டி வேறொன்றை நான் அறியேன்.

வடிவத்திலும் இதே சிந்தனைதான். குறுக்கே வெட்டிப் பார்த்தால் தட்டையான நீள்வட்டம். இடுப்போடு ஒட்டிக் கிடக்கும், ஆடையில் சிக்க முனைகள் இல்லை.

அடுத்து, பெட்டியின் மேல் பூசும் அரக்கு. ஹினோகி மரத்தின் மெல்லிய பலகை, காகித அடுக்குகள், தோல் ஆகியவற்றில் ஒன்றால் உடலைச் செய்து, அதன்மேல் உருஷி மரத்தின் பாலை மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவார்கள். இந்த மரம் நம் மாவும் முந்திரியும் சேர்ந்த அதே தாவரக் குடும்பம். பச்சைப் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும். முந்திரிக் கொட்டையின் ஓட்டு எண்ணெய் என்ன செய்யும் என்று பண்ருட்டிப் பக்கத்தில் கொட்டை உடைக்கும் கைகளுக்குத் தெரியும். ஆனால் இறுகிவிட்ட அரக்கு தண்ணீருக்கும் அமிலத்துக்கும் அசையாது. வியப்பு என்னவென்றால், இந்த அரக்கு வெயிலில் காய்வதில்லை. பாலில் உள்ள நொதி வேலை செய்ய ஈரக்காற்று வேண்டும். ஆகவே ஈரப்பதம் கூட்டிய அலமாரிக்குள் வைத்து ஒவ்வொரு பூச்சையும் இறுக விடுகிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த மரம் ஒன்று தரும் பால் ஏறக்குறைய 200 மில்லிலிட்டர்தான்.

இப்போது மூட்டின் கடினம் உங்களுக்கு விளங்கும். ஒவ்வொரு பூச்சும் விளிம்பைத் தடிப்பாக்குகிறது. தச்சன் முதலில் அளவெடுக்கும்போதே, பின்னால் வரப்போகும் பூச்சுகளின் கனத்தையும் கணக்கில் வைத்து இடைவெளி விட வேண்டும். கூடிப்போனால் அடுக்கு ஆடும், குறைந்துபோனால் இறங்காது. நல்ல இன்ரோவில் அடுக்குகள் சேர்ந்தபின் மூட்டு மயிரிழைக் கோடாகத்தான் தெரியும்.

அந்தக் கோட்டின் மேல்தான் ஓவியம் ஓடுகிறது. ஈரமான அரக்கில் தங்கப் பொடியைத் தூவி உருவம் எழுப்பும் கலைக்கு மகியே என்று பெயர். அதில் ஒரு வகையில், தூவிய தங்கத்தை மீண்டும் அரக்கால் மூடி, உறைந்தபின் கரியால் தேய்த்துத் தேய்த்து, உருவம் பரப்போடு பரப்பாகத் தெரியும்படி வெளிக்கொணர்வார்கள். ஒரு நாணல் தண்டு கடைசி அடுக்கில் முளைத்து, நான்கு மூட்டுகளைக் கடந்து, மூடியில் பூக்கும். எந்த மூட்டிலும் அந்தத் தண்டு ஒடியக் கூடாது. மூட்டு பிசகினால் ஓவியமும் பிசகும். தச்சு வேலைக்கு ஓவியமே சாட்சி. இங்கே அழகு என்பது பயன்பாட்டின் மேல் ஒட்டிய அலங்காரம் அல்ல, பயன்பாடு சரியாக அமைந்ததற்கான சான்று.

டோக்குகாவா ஆட்சியாளர்களுக்குப் பணிசெய்த கோமா, கஜிகவா குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையில் பெயர் பெற்றன. கோமா மரபில் பதினோரு வயதில் மாணவனாகச் சேர்ந்த ஷிபதா ஸெஷின், 1807 முதல் 1891 வரை வாழ்ந்தவர், இதன் கடைசிப் பெருங்கலைஞர். தங்கத்தைக் குறைத்துக்கொண்டு, அரக்கைக் கொண்டே துருப்பிடித்த இரும்பையும் பழைய வெண்கலத்தையும் மரத்தின் ரேகைகளையும் கண்முன் நிறுத்தினார்.

குறையையும் சொல்ல வேண்டும். அடியடுக்கில் உள்ளதை எடுக்க மேலடுக்குகளை எல்லாம் விலக்கியாக வேண்டும். அடிக்கடி வேண்டியதை மேலே வைப்பது ஒன்றே வழி. அதைவிடப் பெரிய குறை பிற்காலத்தில் வந்தது. செல்வச் செழிப்பைக் காட்டுவதற்காகவே பல இன்ரோக்கள் செய்யப்பட்டன, அவை மருந்தைக் கண்டதே இல்லை. 1868க்குப் பிறகு மேலைநாட்டு உடையும் சட்டைப்பையும் வந்ததும் இன்ரோவுக்கு இடுப்பில் இடமில்லாமல் போயிற்று. பல கப்பலேறின. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் நியூயார்க் மெட்ரோபாலிட்டனிலும் இன்று அவற்றைக் காணலாம். ஜப்பானியர் பலருக்கோ இன்ரோ என்றால், 1969 முதல் 2011 வரை ஓடிய மித்தோ கோமோன் தொலைக்காட்சித் தொடரில் குற்றவாளிகள் முன் நீட்டப்படும் டோக்குகாவா குலச் சின்னம்தான் நினைவுக்கு வரும். அங்கேயும் வெளிப்பக்கத்துக்குத்தான் மதிப்பு.

அருங்காட்சியகங்களுக்கு என் வேண்டுகோள் இது. ஓர் இன்ரோவையாவது அடுக்குகளைப் பிரித்து, உள்விளிம்பும் கயிற்றுத் துளையும் தெரியும்படி காட்சிக்கு வையுங்கள். பெட்டி வடிவமைக்கப் படிக்கும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். அறைகளின் எண்ணிக்கையில் தொடங்காதீர்கள். எது உள்ளே போகிறது, எந்த உடம்பு அதைச் சுமக்கிறது, எந்தக் கை எந்த வரிசையில் அதைத் திறக்கிறது என்பதில் தொடங்குங்கள். அதன்பின் விளிம்பைச் செதுக்குங்கள், வண்ணம் பிறகு வரட்டும்.