எச்.ஐ.வி.யும் நம் உடலின் காவற்படையும்

எச்.ஐ.வி. என்ற பெயரைக் கேட்டதும் நம் வீடுகளில் குரல் தாழ்ந்துவிடுகிறது. மலேசியாவில் இத்தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல். அதே ஆண்டில்தான் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். இத்தனை ஆண்டு கழித்தாவது சற்று உரக்கப் பேசுவோம்.

காலையில் பிரட்டுக் களத்தில் ஆட்களெல்லாம் வந்து நிற்கிறார்கள். பெயர் கூப்பிட்டு நிரை பிரித்துக் கொடுக்கத் தண்டல் இல்லை. வேலை நடக்குமா? நம் இரத்தத்தில் 'சிடி4' என்னும் வெள்ளை அணுக்கள் உண்டு. நோய்க்கிருமி புகுந்தால் மற்றக் காவல் அணுக்களை ஏவிவிடும் தண்டல்கள் இவைதாம். எச்.ஐ.வி. நுழைவது சரியாக அந்தத் தண்டலின் வீட்டுக்குள். அவன் அடுப்பிலேயே சமைத்து உண்டு, தன் இனத்தைப் பெருக்கிக்கொண்டு, கடைசியில் அவனையே அழித்துவிடுகிறது.

நல்ல உடலில் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சுமார் 500 முதல் 1500 வரை சிடி4 அணுக்கள் இருக்கும். அது 200-க்குக் கீழே இறங்கினால் எய்ட்ஸ் என்கிறோம். மருந்தில்லாமல் அந்நிலை வரவே பலருக்கு எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும். தொடக்கத்தில் ஒரு காய்ச்சல் வந்து போகலாம். அதன் பிறகு ஆள் செம்பனைக் குலை வெட்டுவான், பந்து விளையாடுவான். முகத்தைப் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. கடைசியில் உயிரை வாங்குவது, காவலற்ற வீட்டில் புகும் காசநோயும் நிமோனியாவும்தான்.

இந்நாட்டில் முதலில் இது பெரும்பாலும் போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டதால் பரவியது. இப்போது பெரும்பாலும் உடலுறவால். ஒரே தட்டில் உண்பதாலோ, கொசுக் கடியாலோ பரவாது. பிள்ளைகள் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் காலம் இது. அவர்களிடம் பெற்றோரே இதைப் பேசலாம்.

தாய்மார்கள் கேளுங்கள். 1998 முதல் அரசாங்கக் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிறார்கள். தொற்று இருந்தால் மாத்திரை தொடங்கிக் குழந்தையைக் காப்பாற்றிவிடுகிறார்கள். தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதை ஒழித்த நாடென்று 2018-ல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை அங்கீகரித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இதுவே முதல் நாடு. ஆனால் அத்தாய்க்குத் தாய்ப்பால் வேண்டாம், பால்மாவு கொடு என்பார்கள். "ஏன் பால் கொடுக்கவில்லை?" என்று மாமியார் கேட்பார், அக்கம்பக்கமும் கேட்கும். அந்தக் கேள்விக்கு அஞ்சியே மருந்தை ஒளித்து வைத்து, வேளை தவறவிடும் பெண் உண்டு. கேட்காமல் இருப்பதும் ஓர் உதவியே.

மருந்து கிருமியை அடியோடு ஒழிப்பதில்லை, பெருகவிடாமல் அடக்கிவைக்கிறது. சிடி4 மீண்டும் ஏறுகிறது. தவறாமல் உண்டு, இரத்தப் பரிசோதனையில் கிருமி தென்படாத நிலையை அடைந்து, அதில் நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்றுவதில்லை. முதல் நிலை மருந்துகளை அரசாங்க மருத்துவமனைகள் 2006 முதல் குடிமக்களுக்கு இலவசமாகக் கொடுத்து வருகின்றன.

சந்தேகம் இருப்பவர் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் இரத்தம் கொடுத்துப் பார்க்கலாம். தொற்றிய முதல் சில வாரங்களில் பரிசோதனையில் தெரியாமலும் போகலாம். ஆகையால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை போய்வர வேண்டும்.