பூட்டிய பள்ளிக்கூடமும் பூட்ட முடியாத படிப்பும்

(மாதர் கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஆப்கானிஸ்தானத்துப் பெண் மக்களின் படிப்பைப் பற்றியதாகும். மலைக்கு அப்பால் உள்ள தேசத்துச் சங்கதி நமக்கெதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பெண் படித்தால் கெட்டுப் போவாள் என்கிற பேச்சு எந்தப் பாஷையில் பேசப்பட்டாலும் ஒரே பேச்சுத்தான். அது நம் பாட்டிமார் காதிலும் விழுந்த பேச்சுத்தான். ஆகையால் நமக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட முடியாது.

முதலில் நடந்ததைச் சொல்லுகிறோம். அமானுல்லா அரசர் காலத்தில், சொராயா அரசியாரின் முயற்சியால், 1921-லேயே காபூலில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. 1929-ல் அவர் முடியிழந்தவுடன் பெண் பள்ளிக்கூடங்களும் மூடப்பட்டன. பிறகு திறந்தன. 1996 முதல் 2001 வரை தாலிபான்கள் ஆண்ட காலத்தில் மறுபடியும் மூடின. பின் இருபது வருஷ காலம் பெண்கள் படித்தார்கள். டாக்டர்களானார்கள், உபாத்தியாயர்களானார்கள், நீதிபதிகளுமானார்கள். 2021 ஆகஸ்டு 15-ல் தாலிபான்கள் மீண்டும் காபூலுக்குள் புகுந்தார்கள். அடுத்த மாதமே உயர்தரப் பள்ளிகளுக்கு ஆண் பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டார்கள். 2022 மார்ச் 23-ல் பெண்களும் வரலாம் என்றார்கள். புஸ்தகத்தைத் தூக்கிக்கொண்டு போன பெண் குழந்தைகளைச் சில மணி நேரத்திற்குள் அழ அழ வீட்டுக்குத் திருப்பியனுப்பினார்கள். அவ்வருஷம் டிசம்பரில் சர்வகலாசாலைகளையும் பெண்களுக்கு அடைத்தார்கள். குறைந்தது 14 லட்சம் பெண் குழந்தைகளுக்கு உயர்தரப் பள்ளிப் படிப்பு மறுக்கப்பட்டிருக்கிறது என்று 2024-ல் யுனெஸ்கோ கணக்குச் சொல்லிற்று.

இதிலுள்ள புத்தியைக் கவனியுங்கள். பெண்களுக்குப் பெண்களே வைத்தியம் பார்க்க வேண்டும் என்கிறவர்களும் இவர்களே; 2024 டிசம்பரில் மருத்துவச்சிப் படிப்பையும் நர்சுப் படிப்பையும் பெண்களுக்கு நிறுத்தியவர்களும் இவர்களே. அப்படியானால் நாளைக்குப் பிரசவ வேதனைப்படும் பெண்ணுக்கு யார் உதவி செய்வது? பிரசவத்தில் தாய்மார்கள் அதிகமாகச் சாகும் தேசங்களில் அது ஒன்று. செத்தாலும் சாகட்டும், படிக்கக்கூடாது என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் உண்டா?

மத கட்டளை என்று சமாதானம் சொல்லுகிறார்கள். கெய்ரோவிலுள்ள அல்-அஸ்ஹரின் தலைமை இமாமே, சர்வகலாசாலைத் தடை மார்க்கத்திற்கு விரோதம் என்று 2022-ல் கண்டித்தார். ஆகவே மதம் என்பது இங்கே ஒரு போர்வை. உள்ளே இருப்பது ஆண்களின் அதிகார ஆசையே.

ஆனால் அப்பெண்கள் அழுதுகொண்டு மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. முந்திய தாலிபான் ஆட்சியில் ஹெராத் நகரத்தில் "தங்க ஊசி" என்றொரு தையல் பள்ளி இருந்தது. பெண்கள் ஊசியும் துணியும் அடங்கிய பையுடன் போவார்கள். துணிக்கு அடியில் புஸ்தகம் இருக்கும். உள்ளே நடந்தது இலக்கியப் பாடம். தைப்பதற்குத் தடையில்லை, படிப்பதற்குத்தான் தடை! இன்றும் வீடுகளுக்குள் இரகசிய வகுப்புகள் நடக்கின்றன. அத்தோடு இன்டர்நெட்டும் செல்போனும் சேர்ந்திருக்கின்றன. 2021-ல் காபூலில் தொடங்கிய பேகம் ரேடியோ பள்ளிப் பாடங்களை ஒலிபரப்பிற்று. 2024 முதல் பாரிஸிலிருந்து அதன் டெலிவிஷன் பாடங்களைச் செயற்கைக்கோள் வழியாக வீட்டுக்குள் கொண்டுவந்தது. நமது சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் பெற்ற ஆப்கன் மாணவி ஒருவர், நேரில் வர முடியாமல், இன்டர்நெட் வழியாகவே படித்து 2023-ல் எம்.டெக். முடித்தார். வாசலைப் பூட்டினால் படிப்பு ஜன்னல் வழியாக வருகிறது.

ஜன்னலையும் அடைக்கப் பார்க்கிறார்கள். 2025 பிப்ரவரியில் பேகம் ரேடியோவில் புகுந்து சோதனை போட்டுச் சில நாள் நிறுத்தி வைத்தார்கள். அவ்வருஷம் செப்டம்பரில் பால்க் மாகாணத்தில் இன்டர்நெட் கம்பியை அறுத்து, ஒழுக்கக்கேட்டைத் தடுக்கவே செய்தோம் என்றார்கள். அம்மாதம் 29-ந் தேதி முதல் ஏறக்குறைய இரண்டு நாள் தேசம் முழுவதும் இன்டர்நெட் இல்லை. சிறு பெண் கணக்குப் போடுவதில் கெட்டுப்போகிற ஒழுக்கம் என்ன ஒழுக்கமோ, நமக்கு விளங்கவில்லை!

தோழர்களே! இங்கே ஒரு எச்சரிக்கையும் செய்ய வேண்டியிருக்கிறது. "பள்ளிக்கூடம் போனால் என்ன, வீட்டிலிருந்தே படிக்கலாமே" என்று திருப்திப்படுகிறவர்கள் உண்டு. இது பெரிய ஏமாற்று. செல்போன் வாங்கப் பணம் வேண்டும், இன்டர்நெட்டுக்குப் பணம் வேண்டும், மின்சாரம் வேண்டும். வீட்டு வேலைக்கு நடுவே ஒரு மூலை வேண்டும். ஏழைப் பெண்ணுக்கு இவை எங்கே கிடைக்கும்? கிடைத்துப் படித்தாலும் அவள் படிப்புக்கு அத்தேசத்தில் சர்டிபிகேட் இல்லை. பிணத்தை அறுத்துப் பார்க்காமல் டாக்டராக முடியுமா? பிரசவ வார்டுக்குள் போகாமல் மருத்துவச்சியாக முடியுமா?

நம் நாட்டிலேயே பாருங்கள். புதுக்கோட்டையில் முத்துலட்சுமி அம்மையார் வயது வந்தபின் பள்ளிக்கூடம் போகாமல் நிறுத்தப்பட்டு, வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை தேறினார். ஆனால் வீட்டிலேயே அவர் டாக்டராகிவிடவில்லை. ஆண்கள் படித்த கலாசாலையில் சேர எதிர்ப்புக் கிளம்பியும், சமஸ்தானத்து மகாராஜா இடம் கொடுத்ததால் சேர்ந்தார். பின்பு 1912-ல் சென்னை மருத்துவக் கலாசாலையில் பட்டம் பெற்றார். வீட்டுப் படிப்பு அவரை வாசல் வரைதான் கொண்டுபோய் விட்டது. வாசலை யாரோ திறந்துவிட வேண்டியிருந்தது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். வீட்டுப் பள்ளிகளுக்கும் இன்டர்நெட் பாடங்களுக்கும் உதவி செய்வோம். அப்படிப் படித்தவர்களைப் பழைய சர்டிபிகேட் எங்கே என்று கேட்டு விரட்டாமல், பரீட்சை வைத்துச் சேர்த்துக்கொள்ள மற்ற தேசத்துக் கலாசாலைகள் முன்வர வேண்டும். ஆனால் பூட்டு உடைகிற வரைக்கும்தான் ஜன்னல். பூட்டையே உடைக்க வேண்டும் என்கிற கேள்வியை ஒரு நாளும் கைவிடக்கூடாது.

கடைசியாக ஒன்று. இங்கு வந்திருக்கிற சகோதரிகளே! உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ வயது வந்துவிட்டது, வரன் வந்துவிட்டது என்று படிப்பை நிறுத்திய பெண் ஒருத்தியாவது இருப்பாள். அவளைத் திரும்பப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்புங்கள். அதைச் செய்யாமல் தாலிபான்களைத் திட்ட நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இதை யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.