சொட்டும் ஆயிலைச் சும்மா விடலாமா?

(லாரி உரிமையாளர்கள், ஓட்டுநர்கள், பட்டறைத் தொழிலாளர்களுக்காக நடந்த தொழில் விளக்கக் கூட்டத்தில், பட்டறைக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



இன்று நாங்கள் பேச வந்திருப்பது பழைய டீசல் லாரிகளில் ஆயில் கூலருக்குப் போகும் பைப்பும் ஹோஸும் கசிவதைப் பற்றி. கேட்டால் சின்ன விஷயம்தான். ஆனால் ஒரே ஒரு லாரியை வைத்து, அதற்கும் தவணை கட்டி, அதிலேயே வீட்டுச் செலவையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் பார்க்கிறவருக்கு, அந்தச் சின்ன விஷயம் ஒரே நாளில் பிழைப்பையே நிறுத்திவிடும்.

முதலில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். என்ஜின் ஆயில் உராய்வைக் குறைப்பதோடு, பேரிங், பிஸ்டன் இவற்றின் சூட்டையும் வாங்கிக்கொண்டு வருகிறது. அந்தச் சூட்டை இறக்கி வைக்கும் இடம்தான் ஆயில் கூலர். பல என்ஜின்களில் அது பிளாக்கின் பக்கத்திலேயே பொருந்தியிருக்கும், வெளியே பைப் கிடையாது. வேறு சில வண்டிகளில் கூலர் முன்னால் ரேடியேட்டர் பக்கம் இருக்கும். ஆயில் போக ஒன்று, திரும்பி வர ஒன்று என இரண்டு லைன்கள் ஓடும். நாம் பேசுவது இந்த இரண்டாவது வகையைப் பற்றி.

கூலர் சேசிஸோடு நிற்கிறது. என்ஜினோ ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்து எந்நேரமும் ஆடுகிறது. இரண்டையும் வெறும் இரும்புப் பைப்பால் இணைத்தால் விரிசல் விட்டுவிடும். அதனால்தான் நடுவில் ரப்பர் ஹோஸ் வைத்து, இரு முனையிலும் உலோகப் பூணால் அழுத்தியிருக்கிறார்கள். சூடான ஆயில் உள்ளே, ரோட்டுத் தூசியும் வெயிலும் வெளியே. ஆண்டுகள் போகப் போக ரப்பர் இறுகிப்போகிறது. பூண் போட்ட இடத்தில் பிடி தளர்கிறது. முதலில் ஈரம், பிறகு சொட்டு. அதற்குப் பிறகு ஒரு நாள் லோடு ஏற்றி மேடு ஏறும்போது ஹோஸ் பிய்த்துக்கொண்டு போகிறது.

அந்த லைனில் ஆயில் சும்மா ஒழுகி ஓடவில்லை. ஓடும் வண்டியில் சுமார் 3 முதல் 5 பார் அழுத்தத்தில் பம்ப் அதைத் தள்ளுகிறது. பெரிய லாரி என்ஜினில் 12, 15 லிட்டர் ஆயில் இருந்தாலும், லைன் பிய்ந்தால் ஓரிரு நிமிடத்தில் சம்ப் காலியாகிவிடும். ஆயில் மீட்டர் முள் விழுந்ததைப் பார்க்காமல் ஓட்டினால் பேரிங் உருகி, கிராங்க் கீறி, என்ஜின் ஜாம் ஆகும். ஹோஸ் மாற்ற ஆவது ஆயிரக் கணக்கு, என்ஜின் கட்ட ஆவது லட்சக் கணக்கு. வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களுக்கும் தவணை நிற்காது.

இன்னொரு ஆபத்து தீ. லோடோடு மேடு ஏறும்போது டர்போவும் எக்ஸாஸ்ட்டும் 400 டிகிரிக்கு மேல் கொதிக்கும். ஆயில் அதன்மேல் பீய்ச்சினால் பற்றிக்கொள்ளும். ரோட்டில் சிந்திய ஆயிலில் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரர் சறுக்கி விழுவதையும் நினைத்துப் பாருங்கள். அவர் யாருடைய பிள்ளையோ. "என் வண்டி, என் ஆயில்" என்று சொல்லிவிட முடியாத விஷயம் இது.

ஓட்டுநர் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் குச்சியைப் பாருங்கள், வண்டி நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். ஆயில் மீட்டர் முள் திடீரென்று விழுந்தால் "அடுத்த பங்க் வரை போய்விடலாம்" என்று நினைக்க வேண்டாம். ஓரம் கட்டி உடனே என்ஜினை நிறுத்துங்கள். உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓட்டுநர் "ஆயில் சொட்டுது பாய்" என்று சொன்னால், "இந்த ட்ரிப் முடியட்டும்" என்று பதில் சொல்லாதீர்கள். சொன்னவர் உங்கள் சொத்தை அமானிதமாக நினைப்பதால்தான் சொல்கிறார். இரண்டு முறை சொல்லிப் பலனில்லை என்றால் மூன்றாம் முறை சொல்லமாட்டார்.

இனி வேலைக்கு வருவோம். கசிவு எங்கிருந்து என்று தெரியாமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது. ஓடும் வண்டியில் காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும், தரை அதைக் கீழே இழுக்கும். எனவே ஈரம் தெரியும் இடமே கசியும் இடம் என்று முடிவுகட்ட வேண்டாம். டீசலும் பிரஷும் வைத்துக் கழுவி, துடைத்துக் காயவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவி, என்ஜினைச் சற்று நேரம் ஓடவிடுங்கள். ஈரத்தில் எது உயரமானது, எது முன்னால் இருப்பது என்று பாருங்கள். ஆயில் பால்போல வெளுத்திருந்தாலோ, ரேடியேட்டரில் ஆயில் மிதந்தாலோ, தண்ணீரும் ஆயிலும் எங்கோ உள்ளே கலக்கின்றன. அது வெளி லைன் கோளாறு அல்ல, வேறு வேலை.

லைன்தான் கசிகிறது என்று உறுதியானால், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, என்ஜின் ஆறிய பிறகே கீழே இறங்குங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. முக்கியமாகக் கிளீனர் தம்பிகளை அனுப்பக் கூடாது. ஆயிலைச் சுத்தமான பாத்திரத்தில் பிடியுங்கள்.

கழற்றும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்றால் கூலர் பக்கத்து நட்டைப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் லைன் நட்டைத் திருப்ப வேண்டும். ஒற்றை ஸ்பேனரால் முறுக்கினால் கூலரின் கழுத்து திருகி உடையும். ஹோஸ் வாங்கப் போய், கூலரும் சேர்த்து வாங்க வேண்டிவரும். துரு ஏறியிருந்தால் முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள்.

புதிய லைனுக்குப் பழையதையே மாதிரியாக எடுத்துக்கொண்டு ஹைட்ராலிக் ஹோஸ் கடைக்குப் போங்கள். அங்கே மிஷினில் அழுத்திப் பூண் போட்டுத் தருவார்கள். சூடான ஆயிலுக்கு என்று கேட்டு வாங்குங்கள். உள்விட்டம் பழையதைவிடக் குறையக் கூடாது, குறைந்தால் என்ஜினுக்கு ஆயில் குறையும். மரை வகையும் ஒத்துப்போக வேண்டும். ரேடியேட்டர் ஹோஸை வெட்டி, கிளிப் போட்டு முறுக்கி விடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. இப்போது வரும் ரேடியேட்டர் ஹோஸ் ரப்பர் தண்ணீருக்கானது. ஆயில் பட்டால் ஊறி உப்பிக் கொழகொழத்துவிடும். திருகுக் கிளிப்பும் அந்த அழுத்தத்துக்கு நம்பத் தகுந்தது அல்ல. ஒன்று கசிந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டுக்கும் வயது ஒன்றுதான்.

மாட்டும் முன் புதிய ஹோஸை நல்ல டீசலில் கழுவி, காற்றடித்து ஊதுங்கள். வெட்டிய ரப்பர் தூள் உள்ளே இருந்தால் ஆயிலோடு பேரிங்குக்குப் போய்விடலாம். செப்பு வாஷரும் ஓ ரிங்கும் புதிதாகப் போடுங்கள். கூம்பு முனை உள்ள இணைப்பில் டேப் சுற்ற வேண்டாம், அதன் துணுக்கு ஆயில் வழியை அடைக்கும். முதலில் எல்லா நட்டையும் கையால் ஏற்றிவிட்டு, ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் பார்த்து, பிறகு இறுக்குங்கள். என்ஜின் ஆடும் அளவுக்கு நீளத்தில் கொஞ்சம் தளர்ச்சி இருக்கட்டும். எக்ஸாஸ்ட்டுக்கு விலகி ஓடட்டும். சேசிஸ் உரசும் இடத்தில் ரப்பர் வைத்துக் கிளாம்ப் போடுங்கள்.

பழைய வண்டியில் ஸ்டாப்பரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பத்து விநாடி செல்ஃப் அடித்து, சற்று இடைவெளி விட்டு மறுபடி அடியுங்கள். ஆயில் மீட்டர் முள் எழுந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்லோவில் ஓடும்போது டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். நிறுத்தி, ஆயில் இறங்கிய பின் குச்சியைப் பார்த்து, கூலரும் லைனும் குடித்த அளவை ஊற்றுங்கள். ஒரு சிறு ஓட்டம் போய் வந்து, மறுபடி ஒருமுறை பாருங்கள்.

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்ற வேண்டாம். கழிவு ஆயில் அபாயகரக் கழிவு என்று 2016ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்களுக்கே கொடுங்கள். நம் தெருக் கிணற்றுத் தண்ணீரை நாமே கெடுத்துக்கொள்ளக் கூடாது.

பட்டறைத் தம்பிகளே, உங்களுக்குக் கடைசியாக. "இப்போதைக்கு ஏதாவது செய்து விடுங்க" என்று வண்டிக்காரர் கேட்பார். அவருடைய நெருக்கடி உண்மைதான். ஆனால் தாங்காது என்று உங்களுக்குத் தெரிந்த வேலையைத் தாங்கும் என்று சொல்லிக் காசு வாங்கக் கூடாது. எது தாங்கும், எது தாங்காது, எவ்வளவு செலவு என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அன்று கோபித்துக்கொண்டு போகிறவர், அடுத்த வண்டியை உங்களிடம்தான் கொண்டு வருவார்.

நாளைக் காலையில் வண்டியை எடுக்கும் முன், கீழே ஒருமுறை குனிந்து பாருங்கள்.