உறங்கப் போகையில் உடம்பு தூக்கிவாரிப் போடுவது ஏன்?

இரவு மணி 11. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டோம். கண் மெல்லச் செருகுகிறது. எங்கோ படியிறங்கிக்கொண்டிருப்பது போல ஒரு தோற்றம். அடுத்த படியைக் காணோம். கால் வெறுங்காற்றில் விழுகிறது. உடம்பு முழுதும் தூக்கிவாரிப் போடுகிறது. விழித்துப் பார்த்தால் கட்டிலில்தான் கிடக்கிறோம். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. பக்கத்தில் படுத்திருப்பவர், "என்னங்க, என்ன ஆச்சு?" என்று பதறி எழுகிறார்.

மறுநாள் காலையில் வீட்டில் ஆளுக்கொரு விளக்கம் பிறக்கும். "காற்றுக் கருப்பு பட்டிருக்கும்" என்பார் பாட்டி. "வலிப்பின் தொடக்கமோ?" என்று அஞ்சுவார் மனைவி. "நெஞ்சில் கோளாறோ?" என்று உள்ளுக்குள் மருகுவார் அவர். பெரும்பாலான வேளைகளில் இம்மூன்றும் அல்ல. 10 பேரில் 6 அல்லது 7 பேர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இதை உணர்ந்திருப்பர் என மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர். இதனை உறக்கத் துள்ளல் என்று நாம் அழைக்கலாம்.

இதைப் பற்றி அறிஞர்கள் எழுதத் தொடங்கி நெடுங்காலம் ஆகிறது. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சைலாஸ் வியர் மிட்செல் 1890-ஆம் ஆண்டிலேயே இத்தகைய துள்ளல்களை விவரித்திருக்கிறார். பின்னர், பிரிட்டனைச் சேர்ந்த இயன் ஆஸ்வால்டு மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து இதனை ஆராய்ந்து, 1959-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

சரி, இது ஏன் நேர்கிறது? உறக்கம் என்பது விளக்கை அணைப்பது போலச் சட்டென்று நிகழ்வதன்று. தொழிற்சாலையில் பகல் வேலைக்காரர் போய் இரவு வேலைக்காரர் வரும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். இருவரும் சிறிது நேரம் வாசலில் கலந்து நிற்பர். நம் மூளைத் தண்டில் நம்மை விழிப்பாக வைத்திருக்கும் நரம்புப் பின்னல் ஒன்று உண்டு. உறக்கத்தைக் கொண்டுவரும் பகுதிகள் வேறு. முன்னது ஓய, பின்னது பொறுப்பேற்கும் அந்த இடைவேளையில், தவறான கட்டளையொன்று தண்டுவடத்தின் வழியே தசைகளுக்குப் பாய்ந்துவிடுகிறது. தசைகள் ஒரே வெட்டாகச் சுருங்குகின்றன. பல ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இதுவே. தடுக்கி விழுவது போன்ற உணர்வும், சில வேளைகளில் 'டமார்' என்ற ஓசையோ மின்னல் வெட்டோ தோன்றுவதும் இத்துடன் சேர்ந்தவையே.

எப்போது இது மிகுதியாக வருகிறது? உடல் அளவுக்கு மீறிக் களைத்தபோது. பல நாள் உறக்கம் கெட்டபோது. மனத்தில் கவலை குடிகொண்டபோது. படுக்கப் போகுமுன் கடுமையாக உடற்பயிற்சி செய்தபோது. காப்பியும் தேநீரும்கூடக் காரணமாகலாம். மாலை மணி 6-க்குக் குடித்த காப்பியிலுள்ள ஊக்கப் பொருளில் ஏறக்குறையப் பாதி, இரவு மணி 11-க்கும் நம் உடம்பிலேயே இருக்கும். வேறொன்றும் உண்டு. "இன்றும் தூக்கிப் போடுமோ?" என்று அஞ்சிக்கொண்டே படுத்தால் உறக்கம் கெடுகிறது, உறக்கம் கெட்டால் துள்ளல் கூடுகிறது. அச்சமே அடுத்த துள்ளலுக்கு வழி வகுக்கிறது.

ஆயினும் எல்லாத் துள்ளலையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டியவை எவை எனப் பார்ப்போம். உறங்கிய பின்னும் அரை நிமிடத்துக்கு ஒரு முறை போலக் கால் ஓயாமல் உதறினால் அது வேறு. படுத்தவுடன் காலில் ஏதோ ஊர்வது போலிருந்து, அசைத்தால்தான் ஆறும் என்றால் அதுவும் வேறு. பதின்ம வயதுப் பிள்ளை காலையில் எழுந்ததும் கை வெட்டி, பிடித்த கோப்பையை அடிக்கடி நழுவவிட்டால், "கவனமில்லாத பிள்ளை" என்று திட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அது ஒருவகை வலிப்பின் அறிகுறியாகலாம். கைக்குழந்தை சத்தம் கேட்டுத் திடுக்கிடுவது இயல்பு. ஆனால், தூங்கி எழுந்த பின் உடம்பை முன்னோக்கி மடக்கி மடக்கி, அடுத்தடுத்துத் தொடராக வெட்டினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. நாக்கைக் கடித்தல், நினைவிழத்தல், படுக்கையிலேயே சிறுநீர் போதல் ஆகியவையும் அப்படியே. மனச்சோர்வுக்கு மருந்து உண்போருக்கும் துள்ளல் கூடலாம். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

இனி, முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டிலில் வரும் துள்ளல் தீங்கற்றது. அதே துள்ளல் வண்டி ஓட்டும்போது வந்தால்? இரவு வேலை முடிந்து விடியற்காலையில் மோட்டார் சைக்கிளிலோ காரிலோ வீடு திரும்புவோர் நம்மில் எத்தனை பேர்! தலை தொங்கி, 'திடுக்'கென்று நிமிர்ந்தால், "நல்ல வேளை, விழித்துக்கொண்டோம்" என்று நாம் எண்ணுகிறோம். உண்மை என்ன? அதற்கு முந்திய நொடிகளில் நாம் உறங்கியே விட்டோம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் ஓடும். 4 நொடி கண்ணயர்ந்தால் 100 மீட்டர் தூரம் அவ்வண்டியை ஓட்டியவர் எவருமிலர்! சன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் உறக்கத்தைத் துரத்தா. வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு 20 நிமிடம் கண்ணயர்வதே வழி. வீட்டுக்குச் சற்றுத் தாமதமாகப் போனாலும் போய்ச் சேர்வோம் அல்லவா?

ஆகவே நேயர்களே, மாலைக்குப் பிறகு காப்பியைக் குறைப்போம். நாள்தோறும் ஒரே நேரத்தில் படுப்போம். படுக்கைக்குக் கவலைகளைக் கொண்டு போகாமலிருக்க முயல்வோம். பக்கத்தில் படுத்திருப்பவர் தூக்கிவாரிப் போட்டு எழுந்தால், "ஒன்றுமில்லை, உடம்பு உறக்கத்துக்குப் போகிறது, அவ்வளவுதான்" என்று சொல்லி முதுகைத் தடவிக் கொடுப்போம். பெரும்பாலானோருக்கு அந்த ஒரு சொல்லே போதும்.