பால் ஏன் உறைகிறது?

நேயர்களே, தேக்காவுக்குத் துணிமணி வாங்கப் போகிறவர்கள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவையும் ஒருமுறை பார்த்து வாருங்கள். 1877இல் 22 ரப்பர் கன்றுகள் வந்து சேர்ந்த இடம் அது. பட்டை பாழாகாமல் அதே வெட்டைத் திரும்பத் திரும்பச் சீவும் முறையை ரிட்லி என்பவர் வகுத்ததும் அங்கேதான்.

அப்படிச் சீவி எடுக்கும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். ரப்பர் தண்ணீரில் கரையாது. கண்ணுக்குத் தெரியாத துளிகளாக மிதக்கிறது. ஒவ்வொரு துளியின் மேலும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய தோல் உண்டு. அந்தத் தோலில் எதிர் மின்னேற்றம் இருப்பதால் துளிகள் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன. ஃபார்மிக் அமிலம் விட்டால் மின்னேற்றம் தணிந்து, துளிகள் ஒட்டிக்கொள்கின்றன, பால் உறைகிறது. அம்மோனியா விட்டாலோ விலக்கம் வலுக்கிறது, கிருமியும் சாகிறது.

கழுவாத மங்கில் நடப்பது என்ன? பழைய பாலில் தங்கிய கிருமிகள் புதுப்பாலின் சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. ஸ்டோரில் விடவேண்டிய அமிலத்தை அவை மரத்தடியிலேயே விட்டுவிடுகின்றன! கட்டிப்பாலுக்குப் பாலின் விலை கிடைப்பதில்லை. விடியுமுன் எழுந்து வெட்டிய கூலி குறைவது இப்படித்தான். பிள்ளைகளை மட்டும் குறை சொல்வானேன்? சிறுவயதில் நாமும் மங்கைத் துடைக்காமலே மாட்டிவிட்டு ஓடியவர்கள்தாமே.