கீழாநெல்லி ஒன்றா, பலவா?



நல்ல மழை ஒன்று பெய்து கொஞ்ச நாள் கழித்து வரப்பைப் பாருங்கள். கோரை, அருகு, மூக்கிரட்டை, அம்மான் பச்சரிசி என்று வரிசையாக முளைத்து நிற்கும். நடுவே ஒரு சாண் உயரத்தில், புளிய இலை மாதிரி இலை வைத்து, இலைக்கு அடியில் கடுகு கடுகாகக் காய் தொங்க, கீழாநெல்லியும் நிற்கும். களை எடுக்கிற பெண்களுக்கு அதைத் தெரியும். காமாலைக்கு மருந்து அரைக்கிற பெரியவர்களுக்கும் தெரியும். அது என்ன செடி என்று கிராமத்தில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் வரப்பில் நிற்பது ஒரே செடிதானா? இதென்ன கேள்வி, கீழே காய்த்தால் கீழாநெல்லி என்பீர்கள். அங்கேதான் சிக்கல். இலைக்குக் கீழே காய்க்கிற சிறு செடிகள் நம் நாட்டில் பல உண்டு. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மருந்துச் சரக்கு விற்கிற கடைகளில் இவை கலந்து போவதும் உண்டு. தென்னிந்தியாவில் 25 கடைகளில் கீழாநெல்லி வகைச் சரக்கு வாங்கி ஆராய்ந்து, 2010ல் ஆய்வு முடிவு வெளியிட்டார்கள். 19 கடைகளில் சரியான செடியே பெரும்பாலும் இருந்தது. மற்ற 6 கடைகளில் வேறு ஐந்து இனங்கள் தலை காட்டின. கீழாநெல்லியைப் பயிர் செய்து மூட்டை கட்டி அனுப்புகிறவருக்கு இது சாதாரண விஷயம் இல்லை. ஆலைக்காரர் சோதனை போட்டு, இது அந்தச் செடி இல்லையே என்று திருப்பி அனுப்பினால் வண்டி வாடகையும் நம் தலையில்தான்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. உலகத்தில் எந்தச் செடிக்கும் அறிவியல் பெயர் இரண்டு சொல்லால் ஆனது. முதல் சொல் குடும்பப் பெயர் மாதிரி, இரண்டாவது ஆளின் பெயர் மாதிரி. 1753ல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் எழுதிய நூலிலிருந்து இந்தக் கணக்கு தொடங்குகிறது. அவர் பில்லாந்தஸ் நிரூரி என்று ஒரு செடிக்குப் பெயர் வைத்தார். அமெரிக்கப் பக்கத்துச் செடியையும் நம் கீழ்த்திசைச் செடிகளையும் அந்த ஒரே பெயருக்குள் அடக்கிவிட்டார். மலையாள நாட்டுச் செடிகளைப் படத்தோடு சொல்லும் ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ் என்ற பழைய நூலில் கிர்கநெல்லி என்று ஒன்று வருகிறது. பெயரைக் கேட்டாலே நம் வீட்டுச் சொல் என்று தெரிகிறதல்லவா? அதையும் அவர் இதில் சேர்த்தார். ஐரோப்பாவில் உட்கார்ந்துகொண்டு காய்ந்த செடியையும் படத்தையும் பார்த்து எழுதியவர், அவரைக் குறை சொல்வதற்கில்லை.

பிற்பாடு ஆராய்ந்தவர்கள் நிரூரி என்ற பெயர் அமெரிக்கச் செடிக்கே உரியது என்று முடிவு கட்டினார்கள். அதற்குள் நம் நாட்டு நூல்களில் எல்லாம் கீழாநெல்லி என்றால் நிரூரி என்றே அச்சாகிவிட்டது. மருந்து நூல்களும் அதைப் பார்த்து எழுதின.

முடிச்சு மெதுவாகத்தான் அவிழ்ந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் இந்த வகைச் செடிகளை ஆராய்ந்த வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அறிஞர், இதுவரை யாரும் தனியாகப் பிரித்து எழுதாத ஓர் இனம் கலந்திருப்பதைக் கண்டார். இந்தியா, பாகிஸ்தான் பக்கம் நிறைய வளர்கிற செடி அது. 1955ல் அதை விவரித்து எழுதி பில்லாந்தஸ் ஃபிரேட்டர்னஸ் என்று பெயர் வைத்தார். லத்தீனில் அதற்குச் சகோதரத் தொடர்புள்ளது என்று பொருள். பொருத்தமான பெயர்தான். பிறகு 1977ல் கேரளத்தில் சிவராஜன், மணிலால் என்ற இருவர் இதே கூட்டத்தில் இன்னொரு புதிய இனத்தை விவரித்து, கோழிக்கோடு ஊரின் பெயரால் பில்லாந்தஸ் கோழிக்கோடியானஸ் என்று பெயர் வைத்தார்கள். இந்த மணிலால்தான் பிற்காலத்தில் அந்த ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ் நூலை ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் கொண்டுவந்தவர். 1985ல் மித்ரா, ஜெயின் என்ற இந்திய அறிஞர்கள், நம் நூல்களில் நிரூரி என்று எழுதியது அமாரஸ், ஃபிரேட்டர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று இனங்களின் கலப்பு என்று தெளிவாக எழுதினார்கள்.

நம் வயலில் சாதாரணமாகக் காணும் கீழாநெல்லி பில்லாந்தஸ் அமாரஸ். அமாரஸ் என்றால் கசப்பு. கிள்ளி வாயில் போட்டவர்களுக்கு விளக்கம் வேண்டாம். வேடிக்கை என்னவென்றால் இந்தப் பெயர் நம் நாட்டுச் செடியைப் பார்த்து வைத்ததில்லை. ஆப்பிரிக்காவில் கினி கடற்கரையில், டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டியிருந்த இடத்தில் எடுத்த செடிகளைக் கொண்டு 1827ல் எழுதியது. தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்களே, அதே டேனிஷ்காரர்கள்தான்.

சரி, பெயர் மாறினால் நமக்கென்ன, செடி அதேதானே என்று கேட்கலாம். 1987ல் கல்லீரலைத் தாக்கும் பி வகை வைரஸைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. எழுதியவர்களில் ஒருவர் அந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய ப்ளம்பர்க். கட்டுரைத் தலைப்பில் செடியின் பெயர் நிரூரி. 1988ல் சென்னையில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு வெளியானது. அதில் பெயர் அமாரஸ். முப்பது நாள் சூரணம் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸ் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அவர்கள் எடுத்த செடி எந்த இனம், எந்த மண்ணில் எந்தப் பருவத்தில் வளர்ந்தது என்ற கேள்விகள் எழுந்தன. செடியின் அடையாளம் உறுதியாக இல்லையென்றால் அப்படிப்பட்ட கேள்விக்குப் பதிலே கிடையாது. (காமாலை கண்டால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். காமாலைக்குக் காரணம் பல. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.)

இனி அடையாளம். ஒரு பூதக்கண்ணாடி வேண்டும், ஏனென்றால் பூ மிகச் சிறியது. அமாரஸ் பூவில் இதழ் போன்ற பகுதி ஐந்து இருக்கும். இலைக் கக்கத்தில் ஆண் பூவும் பெண் பூவும் சேர்ந்திருக்கும். ஃபிரேட்டர்னஸ் பூவில் ஐந்துக்குப் பதில் ஆறு. தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் ஒட்டி, மேலே சொரசொரப்பாக இருந்தால் அது யூரினேரியா என்ற வேறு இனம். அதன் விதையில் கோடுகள் குறுக்கே ஓடும், அமாரஸ் விதையில் நீளவாட்டில் ஓடும். மேலாநெல்லி என்கிறோமே, அதற்கு லின்னேயஸ் வைத்த பெயர் மதராஸ்பட்டினத்தின் பெயரால் ஆனது, பில்லாந்தஸ் மதராஸ்பட்டென்சிஸ். விதைக்கு எடுக்கும்போது இந்த வேற்றுமைகளைப் பார்த்து, வேற்றுச் செடியைப் பிடுங்கிவிட்டு எடுங்கள்.

புதுச் செடி ஒன்றைக் கண்டதாக ஒருவர் சொன்னால் உடனே பெயர் வைத்துவிட முடியாது. அதற்கு முறை இருக்கிறது. செடியை எடுத்து, செய்தித்தாளுக்கு இடையே வைத்து அழுத்திக் காயவைத்து, கெட்டி அட்டையில் ஒட்ட வேண்டும். இப்படி ஒட்டிய செடிகளைச் சேர்த்து வைக்கிற இடம் ஹெர்பேரியம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவர ஆய்வகத்தின் தென்மண்டல அலுவலகத்தில் ஒன்று இருக்கிறது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ரேப்பினட் ஹெர்பேரியம் இருக்கிறது. அங்கே நூறு வருஷத்துக்கு முந்தைய செடிகளோடு வைத்து ஒப்பிட வேண்டும். முன்பே வேறொருவர் பெயர் வைத்திருந்தால் பழைய பெயருக்கே உரிமை, நிலப்பத்திரத்தில் முதலில் பதிந்தவருக்கு உரிமை இருப்பது மாதிரி. இலை, பூ, காய், விதை என்று அளந்து, நெருங்கிய இனத்திலிருந்து எதில் வேறுபடுகிறது என்று எழுதி வெளியிட வேண்டும். 1935 முதல் 2011 வரை இந்த விவரணையை லத்தீனில்தான் எழுத வேண்டும் என்று சட்டம். 2012லிருந்து ஆங்கிலமும் போதும் என்றார்கள். இன்னொரு விதி, 1958 முதல் கட்டாயமானது: பெயருக்கு ஆதாரமாக ஒரே ஒரு மாதிரியைக் குறிப்பிட வேண்டும். பின்னால் சண்டை வந்தால் அந்த மாதிரியை எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். நிரூரிக்கு வந்த வம்பு புதுப் பெயர்களுக்கு வரக்கூடாது என்றால் இதுதான் வழி.

இதில் நம் பங்கு ஒன்று உண்டு. நிலத்தில் தினமும் நடக்கிறவர் கண்ணுக்கு, இது நேற்றுவரை இல்லாத செடி என்று தெரிந்துவிடும். களையாக இருக்கலாம், மாடு தின்று நுரை தள்ளிய செடியாகவும் இருக்கலாம். அப்போது ஒரு கொத்து இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு அலுவலகத்துக்குப் போகாதீர்கள். இலையை மட்டும் வைத்துக்கொண்டு அதிகாரி திண்டாடுவார். பூவும் காயும் உள்ளதாக, வேரோடு ஒரு செடி எடுங்கள். ஓரிரண்டு செடிதான் இருக்கிறதென்றால் பிடுங்க வேண்டாம், ஒரு கிளை போதும். பழைய செய்தித்தாளில் விரித்து வைத்து, மேலே கல்லோ பலகையோ ஏற்றி, தினமும் தாளை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பூசணம் பிடித்துவிடும். பூவின் நிறம் காய்ந்தால் போய்விடும், அதனால் எடுத்த அன்றைக்கே எழுதி வையுங்கள். ஊர், தேதி, நஞ்சையா புஞ்சையா, செடியின் உயரம், உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர் என்பதையும் எழுதுங்கள். ஊர்ப் பெயரைச் சின்ன விஷயம் என்று விடவேண்டாம், கிர்கநெல்லி என்று அன்றைக்கு எழுதி வைத்ததால்தானே மூன்று நூற்றாண்டு கழித்தும் அது நம் செடி என்று அடையாளம் கண்டோம். பொட்டலத்தை உங்கள் வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் பிரிவிலோ கொடுங்கள். காகிதத்தில் உங்கள் பெயரையும் எழுத மறக்காதீர்கள், அட்டையில் செடியை எடுத்தவர் பெயர் என்று ஒரு வரி இருக்கிறது.